‘தரகர் வேண்டாம்’ என்ற வீட்டுக்கு ஆள் கொண்டுபோனேன். என் கொமிஷன் எங்கே?

பண்டாரவளைப் பக்கம் காணி, வீட்டுத் தரகு செய்யும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

தியத்தலாவைக்குப் போகும் பாதையில் ஒரு வீடு. உரிமையாளர் ஓய்வுபெற்றவர், கொழும்பில் மகளோடு இருக்கிறார். வீட்டைத் தானே விற்பதாக இணையத்தில் விளம்பரம் போட்டு, கேற்றிலும் ‘உரிமையாளரிடம் நேரடியாக, தரகர்கள் வேண்டாம்’ என்று பலகை தொங்கவிட்டிருந்தார். விலை 1 கோடியே 60 இலட்சம். மலையகத்தில் வீடு தேடிக்கொண்டிருந்த ஒரு தம்பதி ஏற்கெனவே நம் சகோதரியிடம் சொல்லி வைத்திருந்தார்கள். சகோதரி உரிமையாளருக்குத் தொலைபேசி எடுத்து, “என்னிடம் ஆள் இருக்கிறார்கள், எனக்கும் ஏதாவது பார்க்க வேண்டும்” என்றிருக்கிறார். “முதலில் கூட்டி வாருங்கள், சரிவந்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்பது பதில். பிறகு பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நில அளவை வரைபடத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். சகோதரி தன் கைக்காசில் முச்சக்கர வண்டி பிடித்துத் தம்பதியை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழைத்துப் போயிருக்கிறார். அவர்களிடம் சொன்ன விலை 1 கோடியே 65 இலட்சம். மேலே உள்ள 5 இலட்சம் தனக்கு என்பது அவர் கணக்கு.

வீட்டைப் பார்த்த அன்றிரவு அந்தப் பெண்மணி அனுப்பிய செய்தி: “அக்கா, வீடு பிடித்திருக்கிறது. உங்களை மறக்க மாட்டோம்.” அதன்பின் பேச்சு மூச்சில்லை. சில மாதங்கள் கழித்துத்தான் உறுதி எழுதி முடிந்தது தெரியவந்திருக்கிறது. உரிமையாளர், “பலகையிலேயே தரகர் வேண்டாம் என்று போட்டிருந்தேனே” என்கிறார். தம்பதி, “விளம்பரத்தை நாங்களே பார்த்தோம்” என்கிறார்கள். சகோதரி கேட்பது மூன்று: 3 சதவீதக் கொமிஷனாக 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வாங்க முடியுமா? உறுதியின் பதிவைத் தடுக்க முடியுமா? இனி இப்படி நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. ஆள் தேடி, சாவி வாங்கி, வரைபடம் எடுத்துக் கொடுத்து, மழையில் நனைந்து வீடு காட்டியது நீங்கள். அந்த உழைப்பால் பயன்பெற்ற இரண்டு தரப்பும் இப்போது உங்களைத் தெரியாதது போல் நடந்துகொள்கிறார்கள். ஆனால் உழைப்பு இருந்தது என்பதற்காக மட்டும் சட்டம் கொமிஷன் தராது. யாராவது ஒருவர், “இந்த வேலையைச் செய்து தாருங்கள்” என்று உங்களிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். நீதிமன்றம் முதலில் கேட்பது அதைத்தான். வீட்டைக் காட்டினீர்களா என்ற கேள்வி அதற்குப் பிறகு வருவது. தானாக விற்கிறேன் என்று அறிவித்த ஒருவரின் வீட்டைப் பொறுத்தவரை இந்த முதல் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே திருத்திவிடுகிறேன். ‘காணி விஷயம் என்றால் நொத்தாரிசு முன்னால் எழுதியிருக்க வேண்டுமாம், நான் வாயால் பேசியது செல்லாதாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணியை விற்பதும் விற்பதாக உடன்படுவதும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும் என்கிறது. அது காணி கைமாறுவதற்கான விதி. உங்கள் கொமிஷன் அப்படியல்ல. அது செய்த வேலைக்கான கூலி. அதை வாய்ப்பேச்சாகவும் பேசலாம். அந்தப் பேச்சை நிரூபிப்பதுதான் கடினம்.

உரிமையாளர் மீது உங்களுக்குள்ள பிடி

பலகையைக் கண்டு நீங்கள் பயந்திருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பலகை அவ்வளவு பெரிய தடையாகத் தெரியவில்லை. பலகை எழுதியது உங்களோடு பேசுவதற்கு முன். நீங்கள் தரகர் என்பதும் பணம் எதிர்பார்க்கிறீர்கள் என்பதும் தொலைபேசியில் பேசிய பிறகு அவருக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் சாவி கொடுக்கச் சொன்னார், வரைபடம் அனுப்பினார். வேண்டாதவரிடம் யாரும் வீட்டுச் சாவியைக் கொடுப்பதில்லை. அவருடைய நடத்தையிலிருந்தே உங்களிடம் வேலையை ஒப்படைத்தார் என்று வாதிட இடம் இருக்கிறது. தொகை பேசாவிட்டாலும், அப்படி ஒப்படைத்தது நிரூபணமானால் தொழில் வழமைப்படி நியாயமான தொகையைக் கேட்கலாம். நம் பக்கம் விற்பவரிடம் 2 அல்லது 3 சதவீதம் கேட்பது வழமை. 3 என்று நீங்களாகவே முடிவு செய்ததை அவர் ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

அடுத்த கேள்வி, இந்த விற்பனைக்கு உண்மையான காரணம் யார் என்பது. தரகருக்குக் கொமிஷன் கிடைப்பது, அவருடைய அறிமுகம் விற்பனைக்குப் பயனுள்ள காரணமாக இருந்தால்தான். பேரத்தின் கடைசிக் கட்டத்தில் நீங்கள் அருகில் இல்லாதது உங்கள் உரிமையை அழித்துவிடாது. உங்களை ஒதுக்கிவிட்டு இருவரும் நேரடியாக முடித்துக்கொண்டார்கள் என்பதும் அழிக்காது. ஆனால் அந்தத் தம்பதி உங்களைச் சந்திக்கும் முன்பே இணைய விளம்பரத்தைப் பார்த்து உரிமையாளரோடு பேசியிருந்தால் உங்கள் நிலை பலவீனமாகிவிடும். ஆகவே திகதிகள்தான் உங்கள் உயிர்நாடி. நீங்கள் வீட்டுப் படங்களை அனுப்பியபோது அவர்கள் “இது எந்தப் பக்கம்?” என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். விளம்பரத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். “உங்களை மறக்க மாட்டோம்” என்ற செய்தியை விட இந்த ஒற்றைக் கேள்வி உங்களுக்கு அதிகம் உதவும்.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இத்தகைய செய்திகளுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. காணி விற்பனை ஒப்பந்தத்தை வட்ஸ்அப்பில் முடிக்க முடியாது. ஆனால் கொமிஷன் பேச்சுக்கு அது சாட்சியாக நிற்கும்.

வாங்கியவர்கள் பற்றி

இங்கே உங்களுக்கு ஏமாற்றமான பதில்தான் தர வேண்டியிருக்கிறது. ‘மறக்க மாட்டோம்’ என்பது நன்றி. இவ்வளவு தருகிறோம் என்ற வாக்குறுதி அல்ல. வீடு தேடித் தரச் சொன்னபோது கூலியைப் பற்றி எதுவும் பேசவில்லை என்கிறீர்கள். விற்பவர்தான் தருவார் என்று அவர்கள் நினைத்ததாகச் சொன்னால் அதை மறுப்பது கடினம். இரண்டு தரப்பிடமும் முழுத் தொகையைக் கேட்டுக் கடிதம் போட்டால் உங்கள் பேச்சின் நம்பகத்தன்மையே போய்விடும். தம்பதியை எதிரியாக்காமல் சாட்சியாக வைத்துக்கொள்ள முயலுங்கள். உங்கள் மூலம்தான் வீட்டை முதலில் பார்த்தோம் என்று அவர்கள் ஒரு வரி எழுதித் தந்தால், அது அவர்கள் தரக்கூடிய எந்தப் பணத்தையும் விடப் பெறுமதியானது.

அந்த 5 இலட்சத்தைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும். ‘எல்லாரும் செய்வதுதானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் செய்கிறார்கள், தெரியும். ஆனால் ஒருவருக்காக வேலை செய்பவர் அவருக்குத் தெரியாமல் இலாபம் எடுப்பதைச் சட்டம் பொறுக்காது. பேசிய கூலியையே இழக்க நேரிடலாம். இன்று விளம்பரத்தில் 160, புரோக்கர் சொன்னது 165 என்பதை ஒரு கைத்தொலைபேசி காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தம்பதி உங்களை விட்டுவிட்டு நேரே உரிமையாளரிடம் போனதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதைச் சொல்வது உங்களைக் குற்றவாளியாக்குவதற்காக அல்ல. எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டப்போகும் செய்தி இதுதான் என்பதால் சொல்கிறேன். உங்கள் சட்டத்தரணியிடம் இதை மறைக்காதீர்கள். கோரிக்கையையும் 160 இலட்சத்தின் மீதே வையுங்கள்.

பதிவைத் தடுக்க முடியுமா?

முடியாது. கொமிஷன் ஒரு பணக் கடன். அந்த வீட்டின் மீதான உரிமை அல்ல. அதற்காகக் காணிப் பதிவகத்தில் தடை கேட்க உங்களுக்கு இடமில்லை. உரிமையில்லாமல் தடை போட்டு விற்பனைக்குக் குந்தகம் செய்தால் நட்டஈடு கேட்டு அவர்கள் உங்கள் மீது வழக்குப் போடலாம். பதிவகத்தால் உங்களுக்கு வேறு பயன் உண்டு: உறுதி பதிவான பிறகு அதன் பிரதியைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். யார் பெயருக்கு, எந்தத் திகதியில், எந்த விலைக்கு என்பது அதில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: முத்திரை வரி முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம் என்பதால், சிலர் உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு “வரித் திணைக்களத்துக்குச் சொல்லிவிடுவேன்” என்று மிரட்டிப் பணம் கேட்கும் எண்ணமே வேண்டாம். பணம் கேட்கப் போன நீங்களே குற்றச்சாட்டுக்கு ஆளாவீர்கள். பேஸ்புக்கில் பெயர் போட்டு எழுதுவதும் அப்படித்தான். பொலிஸிலும் இது சிவில் விவகாரம் என்றே சொல்வார்கள்.

இப்போது செய்யக்கூடியது

உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். வசை வேண்டாம், திகதி வாரியாக நடந்ததைச் சொல்லுங்கள்: எப்போது பேசினீர்கள், சாவி யாரிடம் வாங்கினீர்கள், வரைபடம் எப்போது வந்தது, யாரை அழைத்துப் போனீர்கள். தொகையைக் குறிப்பிட்டு இரண்டு வாரம் தவணை கொடுங்கள். பக்கத்து வீட்டாரும் முச்சக்கர வண்டிக்காரரும் உங்கள் சாட்சிகள். அவர்கள் நினைவு மங்குமுன் நடந்ததை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, குறித்த தொகைக்கு உட்பட்ட பணத் தகராறுகளை நேரே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. சபையில் இணக்கம் வராத சான்றிதழோடுதான் போக வேண்டும். அந்தத் தொகை எல்லையை அவ்வப்போது உயர்த்தியிருக்கிறார்கள். உங்கள் கோரிக்கை அதற்குள் வருகிறதா என்று சபையிலேயே கேளுங்கள். வராவிட்டாலும் இரு தரப்பும் விரும்பினால் அங்கே பேசலாம். அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேசமாட்டார்கள். நீங்களேதான் பேச வேண்டும். அது உங்களுக்கு நல்லது. ஓய்வுபெற்ற ஒருவர், ஊர்ப் பெரியவர்கள் மூவர் முன்னால் உட்கார்ந்து, “சாவி கொடுக்கச் சொன்னேன், ஆனால் காசு தரமாட்டேன்” என்று சொல்வது அவ்வளவு சுலபமல்ல.

என் மதிப்பீட்டைக் கேட்டால், பாதித் தொகை அளவில் இணக்கம் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். முழு வழக்குக்குப் போனால் சட்டச் செலவும் தவணைகளும் மீதியைத் தின்றுவிடும். தொலைபேசிப் பேச்சுக்குப் பதிவு இல்லாததால் தோற்கும் ஆபத்தும் உண்டு. ஆனால் காலத்தைக் கடத்தாதீர்கள். காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகள், எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டுகள். உங்களுக்கு எந்தக் காலவரை பொருந்தும் என்று ஒரு சட்டத்தரணியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று: நீங்கள் கடிதத் தாளில் ஒரு தொழில் பெயர் அச்சிட்டிருக்கிறீர்கள். சொந்தப் பெயரல்லாத பெயரில் தொழில் செய்தால் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லை என்பதைக் காட்டியே உங்கள் கோரிக்கையை எதிர்க்க முடியும். பிரதேச செயலகத்தில் விசாரித்து அதை முடித்துவிடுங்கள்.

இனிமேல்: கேற் திறக்குமுன் ஒரு பக்கக் கடிதம்

‘தரகர் வேண்டாம்’ என்று எழுதும் உரிமையாளர்கள் எல்லாரும் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் அல்லர். ஒரு வீட்டைப் பத்துத் தரகர்கள் பத்து விலைக்குப் பேசிக் குழப்பிவிடுவார்கள், தானே ஆள் பிடித்தாலும் கொமிஷன் கேட்டு வருவார்கள் என்ற பயம்தான் பெரும்பாலும். அந்தப் பயத்தைத் தீர்த்தால் கையெழுத்து கிடைக்கும். வீடு முழுவதற்கும் தரகு கேட்காதீர்கள். ஒரேயொரு வாங்குநருக்கு மட்டும் கேளுங்கள். மாதிரிக்கு ஒன்று:

‘... இலக்க வீட்டை ... என்பவருக்குக் காட்டுவதற்கு ... அவர்களுக்கு இன்று அனுமதி தருகிறேன். இவரோ, இவருடைய வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகளோ, இவர் சார்பில் வேறு எவருமோ இன்றிலிருந்து 6 மாதங்களுக்குள் இந்த வீட்டை வாங்க என்னோடு உடன்பட்டால், விற்பனை விலையில் 2 சதவீதத்தை உறுதி கைச்சாத்தாகும் நாளில் தரகுக் கூலியாகச் செலுத்துவேன். வேறு எவருக்கும் நானே விற்றால் எதுவும் செலுத்தத் தேவையில்லை. என் விலை ... ரூபாய்.’

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். முதலாவது அவருடைய பயத்தைப் போக்கும். இரண்டாவது விலையைக் கூட்டிச் சொல்லும் ஆசையிலிருந்து உங்களையே காப்பாற்றும். வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் என்று எழுதுவது, மனைவி வீட்டைப் பார்த்துவிட்டு மகன் பெயரில் உறுதி எழுதும்போது நீங்கள் வெளியே நிற்காமல் இருப்பதற்காக. உரிமையாளர் தூரத்தில் இருந்தால் இதையே செய்தியாக அனுப்பி, “சம்மதம்” என்று பதில் வாங்கியபின் மட்டும் வாங்குநருக்கு முகவரியைக் கொடுங்கள்.

உரிமையாளர் முடியாது என்றால் வாங்குநரிடம் எழுதி வாங்குங்கள்: வீடு தேடித் தருவதற்கு இவ்வளவு, உறுதி நாளில், உரிமையாளர் கொடுத்தால் அந்தளவு கழியும். இரண்டு பேரிடமும் வாங்குவதாக இருந்தால் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருவரும் மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். கையெழுத்து இல்லாமல் இன்னும் நான்கு வீடு காட்டுவதை விட, அந்த நேரத்தில் கையெழுத்தோடு ஒரு வீடு காட்டலாம்.

முற்பணத்தை உங்கள் கையில் வாங்காதீர்கள். அது நொத்தாரிசு மூலம், விற்பனை உடன்படிக்கையோடு போகட்டும்.

நம் மலையகத்தில் இதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். விற்க முடியாத காணிக்கு ஆள் கொண்டுபோனால் கொமிஷனும் இல்லை, பெயரும் இல்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ, ஜயபூமி, ஸ்வர்ணபூமி போன்ற அளிப்பிலோ உள்ள காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. தோட்டக் காணி அரசுடையது. 1992 முதல் கம்பனிகள் குத்தகையில் நடத்துகின்றன. லயன் அறையை ‘விற்கிறேன்’ என்று ஆயிரம் ரூபாய் முத்திரையில் எழுதித் தரும் கடதாசிக்குக் காணி உரிமை இல்லை. தோட்டங்களில் கட்டிக் கொடுத்த 7 பேர்ச், 10 பேர்ச் வீடுகளில் பலவற்றுக்கு இன்னும் முழுமையான உறுதி கைக்கு வரவில்லை. தலைமுறையாக லயனில் இருந்துவிட்டு, பிள்ளைகள் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைத்து அனுப்பிய காசில் முதன்முதலாகச் சொந்தக் காணி வாங்கும் குடும்பங்கள் உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் வருகின்றன. அவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை.

ஆகவே உறுதிப் பிரதி, அங்கீகரித்த வரைபடம், ஆதன வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றை முதலில் வாங்குங்கள். சரிவான இடமாக இருந்தால் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த நாம், மலைச்சரிவில் நிற்கும் வீட்டைக் ‘காட்சி நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி விற்கக் கூடாது. வாங்குபவர் இரட்டைக் குடியுரிமை இல்லாமல் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருந்தால், வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும். அதையும் முன்கூட்டியே கேளுங்கள். இந்தத் தாள்களை ஒரு கோப்பில் போட்டு வாங்குநர் முன் வைக்கும் தரகரை யாரும் எளிதில் ஒதுக்கிவிட மாட்டார்கள். அடுத்த கேள்விக்கும் அவர்கள் உங்களிடம்தான் வரவேண்டியிருக்கும்.

புதிய கைத்தொலைபேசிக்கு மாறப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் இரண்டு வட்ஸ்அப் உரையாடல்களையும் முழுமையாக, திகதி தெரியும்படி பிரதி எடுத்து அச்சிடுங்கள். பழைய கருவியையும் விற்றுவிடாமல் வைத்திருங்கள். அச்சிட்டதையும் உறுதிப் பிரதியையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கட்டணம் சுமையாக இருந்தால், பல நீதிமன்ற நகரங்களில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் வருமானம் அவர்களுடைய விதிக்குள் வருகிறதா என்று அங்கே கேட்டுவிட்டு, கோரிக்கைக் கடிதத்தை அவர்களைக் கொண்டே எழுதுவியுங்கள்.